தலையாட்டி தானாகச் சாப்பிட்ட கதை



"வேலியிலே போன ஓணானை எடுத்து மடியிலே விட்டுக்கொண்ட கதை" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வேண்டாத வேலையை வலிய இழுத்துப் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்துச் சொல்லும் சொல் அது. சென்ற ஐப்பசி மாதத்தில் அந்தச் சொல்லை நாங்கள் கேட்காத நாள் இல்லை. வார்டன் சிஸ்டர் சொன்னார். சமையற்கூட ஆயாம்மா சொன்னார். சிதம்பரத்தில் எங்கள் பாட்டியும் சொன்னார். ஏனென்றால் நாங்கள் உண்மையாகவே வேலியில் போன ஓர் ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம்.

நாங்கள் என்றால் இருவர். ஒன்பதாம் வகுப்பு. சிதம்பரத்தில் ஒரே தெரு. கடலூரில் ஒரே விடுதி. வகுப்பில் ஒரே பெஞ்சு. ஆகையால் எதைச் செய்தாலும் "நாங்கள்" என்றுதான் எங்களுக்குச் சொல்ல வரும். திட்டு வாங்கும்போதும் அப்படியே!

முதலில் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் உள்ள கிளுவை வேலியை அறியாதவர் இல்லை. அந்த வேலியில் எத்தனை முள்ளோ அத்தனை ஓணான். சனிக்கிழமை மாலைகளில் விடுதிப் பெண்களாகிய எங்களுக்கு அவற்றின்மீது கல் எறிவது ஒரு பொழுதுபோக்கு. நீண்ட புல்லின் நுனியில் சுருக்குப் போட்டுக் கழுத்தில் மாட்டுவதிலும் எங்களில் சிலர் கைதேர்ந்தவர்கள். கேட்டால் காரணமும் தயாராக இருக்கும். இராமபிரானுக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொண்டுவந்ததாம். ஓணானோ சொல்லக்கூடாத ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்ததாம். அது நம்மைப் பார்த்துத் தலையை ஆட்டினால் தூரத்தில் இருந்தபடியே நம் இரத்தத்தை உறிஞ்சிவிடுமாம். அதனால்தான் அதன் கழுத்து சிவக்கிறதாம். இப்படிப்பட்ட குற்றவாளியைக் கல்லால் அடித்தால் என்ன தவறு என்று நாங்கள் இருந்தோம்.

அன்றும் எறிந்தோம். மற்ற நாட்களில் எங்கள் கல் வேலிக்கு அப்பால் போய் விழும். அன்று பட்டுவிட்டது.

ஓணான் மல்லாந்து விழுந்தது. செத்துவிட்டது என்று நினைத்து அருகில் போய்ப் பார்த்தோம். வெள்ளை வயிறு மேலும் கீழும் துடித்துக்கொண்டிருந்தது. வாய் ஓரம் ஒரு துளி இரத்தம். எங்கள் பின்னால் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கிள்ளைக்கு அப்பால் ஒரு கடற்கரைக் குப்பத்திலிருந்து அந்த ஜூன் மாதம்தான் விடுதிக்கு வந்தவள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். அவள் எங்களைப் பார்த்து, "அக்கா, அது உங்களை என்ன செய்தது?" என்றாள்.

இராமர் கதையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தோம். வார்த்தை வரவில்லை.

கரும்பலகை துடைக்கும் துணியில் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு அறிவியல் சிஸ்டரிடம் ஓடினோம். கல் எறிந்தது யார் என்று அவர் கேட்டார். சொன்னோம். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, மூடியில் துளைகள் இட்டுத் தந்து, மூன்று நிபந்தனைகள் விதித்தார். ஒன்று, அதைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். ஊர்வனவற்றின் உடலில் வயிற்றுக் கோளாறு உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். இரண்டு, அது நம் வளர்ப்புப் பிராணி அல்ல, விருந்தாளி. மூன்று, அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுதி மூடும் நாளுக்குள் அது வந்த வேலிக்கே திரும்பிப் போகவேண்டும்.

"அதற்குள் குணமாகாவிட்டால், சிஸ்டர்?" என்று கேட்டோம்.

"தானாக இரை தேடித் தின்ன முடியாத ஓணானை வேலியில் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்" என்று கூறிவிட்டு அவர் எழுந்து போனார்.

ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்தோம். 27 கிராம்! ஒரு கோழி முட்டையின் பாதி எடைதான். இவ்வளவு சிறிய உயிரையா கல்லால் அடித்தோம் என்று வெட்கமாக இருந்தது. அதற்குத் 'தலையாட்டி' என்று பெயர் வைத்தோம். ஆனால் அது தலையை ஆட்டவே இல்லை. பெட்டியின் மூலையில் கரியைப் போலக் கறுத்துக் கிடந்தது.

அடுத்து உணவுப் பிரச்சினை. விருந்தாளிக்கு நாம் உண்பதைத்தானே கொடுப்போம்? சோறு வைத்தோம். தயிர்சோறு வைத்தோம். வாழைப்பழம், அவித்த முட்டையின் மஞ்சள்கரு, ரொட்டித் துண்டு, செத்த ஈ ஆகிய அனைத்தையும் வரிசையாக வைத்தோம். கல்யாணப் பந்தி தோற்றுவிடும்! தலையாட்டியோ கண்ணை மூடிக்கொண்டது. எறும்புகள்தாம் வந்து விருந்துண்டு சென்றன.

மூன்றாம் நாள் எங்கள் பொறுமை போயிற்று. ஒருத்தி பிடித்துக்கொள்ள, மற்றொருத்தி ஐஸ்கிரீம் கரண்டியால் அதன் வாயைத் திறக்க முயன்றோம். சுற்றிலும் இருபது பேர் நின்று, "திற, திற! சாப்பிடு, சாப்பிடு!" என்று கூவினார்கள். அது திமிறியது, உடம்பு மேலும் கறுத்தது, பிறகு துணிபோல் துவண்டுவிட்டது. பயந்து பெட்டியில் விட்டோம்.

அப்பொழுது அந்த ஆறாம் வகுப்புச் சிறுமி மெதுவாக, "எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தால் அது எப்படி அக்கா சாப்பிடும்?" என்றாள்.

அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்பது அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை. ஜூன் மாதம் முதல் அவள் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். அக்காமார்களாகிய நாங்கள் அவளைச் சூழ்ந்து நின்று, "சாப்பிடு, சாப்பிடு" என்று இதே குரலில்தான் கூவிக்கொண்டிருந்தோம்.

ஆறாம் நாள் நிறுத்துப் பார்த்தோம். 24 கிராம். இடுப்பு எலும்பு தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்தது. அன்று மாலையே தீபாவளி விடுமுறை தொடங்கியது.

சிஸ்டரின் அனுமதியோடு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பேருந்தில் ஏறினோம். மழை பிடித்துக்கொண்டது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஊர்கள் போயின. மற்றவர்கள் மடியில் பட்டாசும் புதுத்துணியும் இருந்தன. எங்கள் மடியில் இருந்ததை நடத்துனரிடம் நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சிறுமியும் அதே பேருந்தில் வந்தாள். சிதம்பரத்தில் இறங்கி, கிள்ளைப் பேருந்துக்காக அவளுடைய அப்பாவுடன் நிற்கும்போது, "செத்துப்போனால் என்னிடம் சொல்லிவிடுங்கள் அக்கா, மறைக்காதீர்கள்" என்றாள். அந்தச் சொல் எங்கள் தீபாவளியைப் பாதியாக்கிவிட்டது.

வீட்டில் பாட்டி பழமொழியைச் சொல்லி முடித்ததும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஏண்டி, பசித்தவனுக்குச் சோறு இறங்கும், பயந்தவனுக்கு இறங்குமா? நம் தெருக்கோடி வாத்தியார் தாத்தாவிடம் கொண்டு போங்கள்" என்றார்.

தெருக்கோடித் தாத்தா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று, பின் பல ஆண்டுகள் கல்லூரியில் அதையே கற்பித்து ஓய்வு பெற்றவர். 1929-ஆம் ஆண்டு முதல் எங்கள் ஊரில் பல்கலைக்கழகம் இருப்பதால், சிதம்பரத்தில் தெருவுக்கு ஒரு பேராசிரியர் கிடைப்பார்! அவர் பெட்டியைத் திறந்ததும் ஓணானின் வாயைப் பார்க்கவில்லை. அதன் வயிற்றைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "பச்சைத் தண்ணீர்போலச் சில்லென்று இருக்கிறதே! இதற்குப் பசி எப்படி எடுக்கும்?" என்றார்.

அன்று அவர் எங்களுக்குக் கற்பித்த பாடத்தைச் சுருக்கமாகத் தருகிறோம்.

நமக்கு உடம்புச் சூடு உள்ளிருந்து வருகிறது. ஓணானுக்கு அது வெளியிலிருந்து, வெயிலிலிருந்து வரவேண்டும். காலையில் அது வேலியின் உச்சியில் ஏறி வெயில் காய்வது சோம்பேறித்தனத்தால் அல்ல. அதற்கு அதுவே அடுப்பு மூட்டும் வேலை. சூடு ஏறினால்தான் கால் ஓடும், கண் கூர்மையாகும், வயிறு செரிக்கும். குளிர்ந்த உடம்பில் வலுக்கட்டாயமாக இரையைத் திணித்தால் அது செரிக்காமல் வயிற்றிலேயே கெட்டுவிடும். நாங்களோ அடைமழைக் காலத்தில், நிழலான அறையில், அட்டைப்பெட்டியில் அடைத்துவைத்துச் "சாப்பிடு" என்று சொல்லியிருக்கிறோம்.

அடுத்தது, ஓணான் பூச்சி தின்னும் பிராணி. வெட்டுக்கிளி, பாச்சை, எறும்பு போன்றவையே அதன் உணவு. அதுவும் அசையும் பூச்சியாக இருக்கவேண்டும். அசைவைக் கண்டுதான் இரையென்று அது அறியும். தட்டில் கிடக்கும் செத்த ஈ அதன் கண்ணுக்குக் கல்லும் மண்ணும் போலத்தான். கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரையும் அது எளிதில் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியை நக்கிக் குடிக்கும்.

மூன்றாவதாக, தாடையின் வலப்பக்கம் வீங்கியிருந்தது. கல் பட்ட இடம்! எலும்பு முறியவில்லை என்றாலும் கடிக்க வலிக்கும் என்றார். கரண்டி விவகாரத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்தது. "ஓணானின் பற்கள் தாடை எலும்போடு ஒட்டி இருப்பவை. உங்கள் பற்களைப்போலக் குழியில் இருப்பவை அல்ல; பல்லியின் பற்களைப்போல விழுந்து விழுந்து முளைப்பவையும் அல்ல. உடைத்தால் உடைத்ததுதான்" என்றார். மறுநாள் அவரே எங்களைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் காயத்தைத் துடைத்து மருந்து இட்டார்.

"இதன் உறவினர் ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார், தெரியுமா?" என்று தாத்தா கேட்டார். அங்கே பாலைவெளிகளில் தாடி ஓணான் என்று ஒன்று உண்டாம். பயந்தால் தொண்டையை உப்பிக் கறுப்பாக்கிக்கொள்ளும்; அதுவே தாடி. நம் வேலி ஓணானும் அதுவும் ஒரே குடும்பம். ஆஸ்திரேலியா தன் நாட்டு உயிரினங்களை வெளியே விற்பதை 1960-களிலேயே தடுத்துவிட்டது. ஆயினும் அதற்கு முன்பும் திருட்டுத்தனமாகவும் வெளியே போனவற்றின் வழிவந்தவை இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுப் பிராணிகளாக வளர்கின்றனவாம். அங்கேயும் "எங்கள் ஓணான் தானாகச் சாப்பிடவில்லை, கையால் ஊட்டினால்தான் உண்கிறது" என்று குழந்தைகள் கலங்குவார்களாம். "கூண்டில் சூடு போதுமா? ஒளி போதுமா? ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா? இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் உணவைப் பற்றிப் பேசவேண்டும். கடலூரானாலும் சரி, கலிபோர்னியாவானாலும் சரி" என்று தாத்தா சிரித்தார்.

நம் ஓணானுக்கு அறிவியல் பெயர் இட்டவர் டோடேன் என்ற பிரெஞ்சு அறிஞர், ஆண்டு 1802. நிறம் மாறுவது என்பதே அந்தப் பெயரின் ஒரு பகுதியின் பொருளாம்.

அன்றே வேலை தொடங்கினோம். பாட்டி பழைய மரப்பெட்டி ஒன்றைக் கொடுத்தார். ஒரு மூலையில் மேசை விளக்கின் 60 வாட் பல்பு. அதனடியில் ஒரு குச்சி. எதிர் மூலையில் உடைந்த மண்சட்டி கவிழ்த்து நிழல். சூடு வேண்டுமென்றால் விளக்கடிக்கு வரலாம். வேண்டாமென்றால் சட்டிக்குள் போகலாம். தாத்தாவின் வெப்பமானியில் குச்சியருகே 35 டிகிரி வரும்வரை விளக்கை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். மூன்று பக்கமும் துணியால் மூடினோம். பிறகு செய்வதற்கு மிகக் கடினமான வேலையைச் செய்தோம்: எழுந்து வெளியே போனோம்.

ஒரு மணி நேரம் கழித்துத் துணியை விலக்கிப் பார்த்தபோது எங்கள் கரிக்கட்டை மாறியிருந்தது! குச்சியின்மேல் ஏறி, உடம்பு வெளிறிய மஞ்சள் பழுப்பாக, கண்ணைத் திறந்து அமர்ந்திருந்தது. இங்க் ஃபில்லரால் மூக்கு நுனியில் ஒரு துளி தண்ணீர் விட்டோம். நாக்கு வெளியே வந்தது, நக்கியது. இன்னொரு துளி, அதையும் நக்கியது. பதினோரு துளி குடித்தது. ஒவ்வொரு துளியையும் நாங்கள் எண்ணினோம்.

தீபாவளி விடியற்காலையில் தெருவெங்கும் வெடி. நாங்கள் எங்கள் வாசலில் வெடிக்கவில்லை, மத்தாப்போடு நிறுத்திக்கொண்டோம். எங்கள் தம்பிமார் எங்களோடு இரண்டு நாள் பேசவில்லை. அதற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தலையாட்டி நன்றாக வெயில் காய்ந்தபின், சிறு பாச்சை ஒன்றை இடுக்கியின் நுனியில் பிடித்து அதன் முன்னால் மெல்ல ஆட்டினோம். தலையைச் சாய்த்துப் பார்த்தது. நாங்கள் மூச்சு விடவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம். பாச்சையைக் காணோம்!

பாட்டி தொழுகிற கையைப்போல் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார். தாத்தா மட்டும், "இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். இனிமேல்தான் தொல்லை" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை! கடலூர் திரும்பியதும், வலைபோட்ட பழைய சமையலறை அலமாரி ஒன்றை ஆயாம்மா தந்தார். அதில் விளக்கும் குச்சிகளும் அமைத்தோம். தலையாட்டி நாளுக்கு நாள் தேறியது. இடுக்கியைக் கண்டதும் தலையைத் தூக்கும். பிறகு வாயைத் திறந்துகொண்டே காத்திருக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லாம் வியந்தார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கள் கையால்தான் சாப்பிடும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அறிவியல் சிஸ்டர் ஒருநாள் வந்து, ஒரு வெட்டுக்கிளியை அலமாரிக்குள் விட்டார். அது தலையாட்டியின் மூக்கின் முன்னாலேயே குதித்தது. தலையாட்டி அதைப் பார்க்கவில்லை. எங்கள் கையில் இருந்த இடுக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் காட்டிவிட்டுப் போனார். விடுதி மூட இன்னும் முப்பது நாள்கூட இல்லை.

அன்று இரவே தாத்தாவுக்குக் கடிதம் எழுதினோம். பதில் நான்காம் நாள் வந்தது. "ஊட்டுவது உங்களுக்கு இன்பம், அதற்கு ஆபத்து. வலி இருந்தவரை இடுக்கி மருந்து. வலி போனபின் அதுவே நோய். இனி ஒவ்வொரு படியாக உங்கள் கையை விலக்குங்கள்" என்று தொடங்கி, வழியையும் எழுதியிருந்தார்.

முதல் படி: இடுக்கியால் வாயில் கொடுக்காமல், ஒரு விரற்கடை தள்ளிப் பிடிக்கவேண்டும். அது நகர்ந்து வந்து பிடிக்கட்டும். அடுத்த நாள் இரண்டு விரற்கடை. பிறகு ஒரு சாண். இரண்டாம் படி: கண்ணில் பட்டதும் இடுக்கியைத் தளர்த்திப் பூச்சியைக் கீழே விட்டுவிடவேண்டும். மூன்றாம் படி: பூச்சி ஏறி வரமுடியாத வழவழப்பான எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டு மூன்று பாச்சைகளை விட்டு, குச்சிக்குக் கீழே வைத்துவிட்டு, அறையை விட்டே போய்விடவேண்டும். காலையில், உடம்பு காய்ந்தபின் வைக்கவேண்டும். மாலையில் தின்னாமல் கிடப்பதை எடுத்துவிடவேண்டும். இரவில் பூச்சிகள் உறங்கும் ஓணானைக் கடித்துவிடும். ஓரிரு நாள் பட்டினி கிடந்தால் பதறவேண்டாம். தேறிய ஓணானுக்கு அது பெரிதல்ல. தண்ணீர்த் துளிகள் மட்டும் தவறக்கூடாது.

முதல் இரண்டு படிகளையும் பத்து நாளில் ஏறிவிட்டோம். மூன்றாம் படியில்தான் சறுக்கினோம். கிண்ணத்தை வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டு வந்தால், பாச்சைகள் அப்படியே இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். தலையாட்டி குச்சியில் இருந்தபடி எங்களையே பார்க்கும். வாயைத் திறக்கும். அந்தப் பார்வையைத் தாங்குவது எளிதல்ல, தோழியரே!

நான்காம் நாள் நிறுத்தபோது எடை கூடியிருந்தது! கிண்ணத்தில் பாச்சை குறையவில்லை. ஓணான் எப்படிக் கனத்தது? எங்களில் ஒருத்தி தலையைக் குனிந்தாள். காலையில் மற்றவர்கள் குளிக்கப் போன நேரத்தில், யாருக்கும் தெரியாமல் இடுக்கியால் ஊட்டியிருக்கிறாள். எந்த ஒருத்தி என்று சொல்லமாட்டோம். நாங்கள் என்றுதானே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்? ஆனால் அன்று எங்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. ஒரே பெஞ்சில் இரண்டு நாள் இருவரும் இரு கோடியில் அமர்ந்தோம்.

"பாவமாக இருந்தது, அதனால் ஊட்டினேன்" என்றாள் ஒருத்தி.

"பாவம் அதற்கா, உனக்கா?" என்று கேட்டாள் மற்றொருத்தி.

யோசித்துப் பார்த்தபோது இருவருக்கும் விடை தெரிந்தது. அது எங்களை எதிர்பார்த்துக் காத்திருப்பது எங்களுக்குப் பிடித்திருந்தது. அது எங்களை மறந்துவிடக் கூடாதே என்றுதான் உள்ளூர நினைத்திருக்கிறோம். கல் எறிந்தபோது செய்தது ஒரு தவறு. அன்பினால் செய்தது இன்னொரு தவறு. முதல் தவறில் அதன் தாடை வீங்கியது. இரண்டாவது தவறில் அதன் வேலியே பறிபோயிருக்கும்.

இடுக்கியைக் கொண்டுபோய் ஆய்வுக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டோம். காலைக் கிண்ணம் வைக்கும் பொறுப்பை அந்த ஆறாம் வகுப்புச் சிறுமியிடம் ஒப்படைத்தோம். அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு, அலமாரிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒருபோதும் திரும்பிப் பார்க்கமாட்டாள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை நாங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரிசையில் நிற்கும்போது அவள் ஓடிவந்தாள். மூச்சு இரைத்தது.

"அக்கா, 'டப்' என்று கேட்டது!"

"பார்த்தாயா?"

"இல்லை. கேட்டேன். இரண்டு தரம்."

வரிசை கலையாமல் நிற்கவேண்டும் என்ற விதியை அன்று நாங்கள் மீறினோம். கிண்ணத்தில் மூன்று பாச்சையில் ஒன்றுதான் மீதி இருந்தது.

அதன்பின் கிண்ணத்தையும் எடுத்துவிட்டு, பூச்சிகளை அலமாரியிலேயே விட்டோம். குச்சியிலிருந்து பாய்ந்து பிடிக்கக் கற்றுக்கொண்டது என்பதைவிட, தனக்குத் தெரிந்ததை நினைவுக்குக் கொண்டுவந்தது என்பதே பொருந்தும். மார்கழி முதல் வாரத்தில், அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று, கடைசியாக நிறுத்தோம். 33 கிராம்! மழை விட்டு நல்ல வெயில். விடுதிப் பெண்கள் அனைவரும் மைதானத்தில் கூடினோம். ஆனால் வேலியிலிருந்து இருபது அடி தள்ளியே நின்றோம். பெட்டியைத் திறந்து வைத்தோம். தலையாட்டி சற்று நேரம் விளிம்பில் இருந்தது. பிறகு ஒரே ஓட்டம்! கிளுவைக் கொம்பில் ஏறி, உச்சியில் நின்று, முன்னங்கால்களை ஊன்றி எழுந்து, தலையை மேலும் கீழும் ஆட்டியது.

"நன்றி சொல்கிறது!" என்று சிலர் கைதட்டினார்கள். தாத்தா முன்பே எங்களுக்குச் சொல்லியிருந்தார்: ஓணான் தலையை ஆட்டுவது நன்றியும் அல்ல, இரத்தம் உறிஞ்சுவதும் அல்ல, "இது என் இடம்" என்று மற்ற ஓணான்களுக்கு அறிவிப்பது. அதைக் கேட்டபின் எங்களுக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருந்தது. அதற்கு மறுபடியும் ஓர் இடம் இருக்கிறது! அது எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வெட்டுக்கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த அனுபவத்தைப் படித்துவிட்டு, நாமும் ஓர் ஓணானைப் பிடித்து வளர்ப்போம் என்று யாரும் புறப்பட்டுவிடாதீர்கள். காட்டு உயிரை வீட்டில் அடைப்பது அதற்கு நன்மை அல்ல. கிளியையும் உடும்பையும் நட்சத்திர ஆமையையும் பிடித்து வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். அடிபட்ட உயிரைக் கண்டால் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ தெரிவிப்பதே முறை. எங்கள் சிதம்பரம் பக்கத்தில், பழைய கொள்ளிடத்து வெள்ளத்தில் முதலை ஊருக்குள் வந்துவிட்டால், வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். 1976-இல் மாமல்லபுரத்தின் அருகே ரோமுலஸ் விட்டேகர் முதலைப் பண்ணை அமைத்ததும் அருகிவந்த முதலை இனத்தைக் காப்பதற்காகவே. ஆளையே இழுக்கும் முதலைக்கு இடம் கொடுக்கும் மனிதர்கள், பூச்சியைத் தின்று நம் தோட்டத்தைக் காக்கும் ஓணானுக்கு வேலியில் நாலு முழ இடம் கொடுக்கக் கூடாதா?

இப்பொழுது சனிக்கிழமை மாலைகளில் வேலிப்பக்கம் கல் பறப்பதில்லை. விதியொன்றும் போடவில்லை, தானாக நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தை மாதம் விடுதி திறந்தபின், சாப்பாட்டுக் கூடத்தில் அந்தச் சிறுமியைச் சூழ்ந்து நிற்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். எங்கள் வரிசையில், எங்கள் பக்கத்திலேயே அவளுக்கு ஓர் இடம் வைத்தோம்; அவ்வளவுதான். நாங்கள் எங்கள் பேச்சைப் பேசிக்கொண்டிருப்போம். ஒருநாள் மீன்குழம்பு. பேச்சின் நடுவே அவள் எழுந்துபோய் ஆயாம்மாவிடம் தட்டை நீட்டினாள். இரண்டாம் முறை! எங்களுக்குக் கூவவேண்டும்போல் இருந்தது. ஆனால் நாங்கள் இருவரும் குனிந்து எங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த இதழ் உங்கள் கையில் கிடைக்கும்போது கோடை தொடங்கியிருக்கும். இனி வரும் மாதங்களில் வேலியில் ஆண் ஓணான்களின் கழுத்து செக்கச் சிவந்து காணப்படும். அது இரத்தம் குடித்ததால் அல்ல. இனப்பெருக்கக் காலத்தில் அவை பூணும் நிறம் அது. தாடையில் வலப்பக்கம் சிறு வடு உள்ள ஓணான் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், அருகில் போகாதீர்கள். அது சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு,
விடுதி மாணவியர் இருவர்